தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் நல்ல படம் எடுப்பது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சுற்றிப் பார்க்கும்போது நேரில் அழகாகத் தெரிகிற இடம், படத்தில் வெறும் குச்சியும் புதருமாக வந்துவிடுகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காடுகளின் ஓரத்திலேயே வாழ்ந்து, நீண்ட காலமாக இவற்றைப் படமெடுத்து வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

காட்டுப் படம் எடுப்பது பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் மழைக்காட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே மரக்கூரை அடர்ந்திருப்பதால் நண்பகலிலும் நிழல் ஒரே சீராக இருக்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளோ பெரும்பகுதி வறண்ட இலையுதிர்காடுகளும் முட்காடுகளும் ஆகும். மரங்கள் இடைவெளி விட்டு நிற்பதால் வெயில் நேரே தரைக்கு இறங்கி, ஒரு கை அகலத்துக்கு வெளிச்சமும் அடுத்த கை அகலத்துக்கு இருட்டுமாகச் சிதறிக் கிடக்கும். நம் கண் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமன் செய்துகொள்கிறது. கேமராவின் உணரியால் அந்த அளவுக்கு ஏற்றத்தாழ்வை ஒரே நேரத்தில் பதிவு செய்ய இயலாது. உங்கள் படங்கள் ஏமாற்றுவதற்கு முதற்காரணம் இதுவே. ஆகவே விலையுயர்ந்த லென்ஸ் வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன், எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கிறீர்கள் என்பதை மாற்றுங்கள்.

காலை எட்டு மணிக்குள், அல்லது வானம் மூடிக் கிடக்கும் நாள் முழுவதும், இக்காடுகள் நன்றாகப் படமாகும். செப்டம்பர், அக்டோபரில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை எனக்கு மிகவும் பிடித்தமானது. காற்றிலிருந்த தூசி அடங்கியிருக்கும். நனைந்த மரப்பட்டைகள் கறுத்து, இலைகளின் பச்சை எடுப்பாகத் தெரியும். ஈர இலைகளின் மேல் வெள்ளையாகத் தெறிக்கும் பளபளப்பைப் போக்க போலரைசர் வடிகட்டி ஒன்று அவசியம். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) ஒளியைக் குறைக்குமென்பதால் முக்காலியையும் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். பின்னர் கணினியில் செய்ய முடியாத வேலையை இந்த வடிகட்டி செய்கிறது. பளபளப்பில் மறைந்துபோன நிறத்தை எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்ந்ததும் காட்டில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று பலர் சொல்வார்கள். என் எண்ணம் இதற்கு நேர் எதிரானது. வெக்காலி மரத்தின் வெளிறிய தண்டும், இலையே இல்லாத கிளையில் செந்தீயாகப் பூத்திருக்கும் புரசும், மூங்கில் புதரின் மஞ்சளும் அப்போதுதான் தனித்துத் தெரியும். சூரியன் தாழ்வாக இருக்கும் நேரத்தில், அதை ஒரு தண்டின் பின்னால் மறைத்து நின்று எதிர்வெளிச்சத்தில் எடுத்தால், காய்ந்த புல்லின் விளிம்புகள் ஒளிர்வதைக் காணலாம்.

அடுத்தது, படத்துக்குள் எதை வைப்பது என்பது. காடு முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க முயலும்போது எதுவுமே மனத்தில் நிற்பதில்லை. ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். காவிரிக் கரையிலும் அதில் வந்து சேரும் ஓடைகளின் ஓரத்திலும் நிற்கும் பெரிய நீர்மருது மரங்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. வழுவழுப்பான வெளிர் பட்டையும் திரண்ட அடிமரமும் பின்னாலுள்ள இருண்ட புதரிலிருந்து தாமாகவே விலகித் தெரியும். அகல லென்ஸை விட காட்சியை நெருக்கிக் காட்டும் 70 முதல் 135 மில்லிமீட்டர் வரையிலான குவியத் தூரம் இங்கே அதிகம் உதவும். தேர்ந்த மரத்தை வேறொரு தண்டு குறுக்கே மறைத்தால் இரண்டடி இடமோ வலமோ நகர்ந்து பாருங்கள். அந்த இரண்டடியில் படமே மாறிவிடும். படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்த்து, இலைகளுக்கிடையே வெள்ளையாக எட்டிப் பார்க்கும் வானத்துண்டுகளையும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடிக் கிளைகளையும் தவிர்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

கேமரா அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸ் துளையின் அளவு (அபெர்ச்சர்) எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். துளையை எஃப்/22 வரை சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) கூர்மை குறையும். காற்றில் இலை ஆடினால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்தி ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். ஒகேனக்கல்லில் பரிசலில் இருந்து கரையோர மரங்களை எடுப்பதாயின், பரிசல் ஆடிக்கொண்டும் சுழன்றுகொண்டும் இருக்குமாதலால் 1/500 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். செல்பேசியில் எடுப்பவர்கள், வெளிச்சமான பகுதியில் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டிவிட்டு, பிரகாசத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். நிழலைப் பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப்போன இடத்தை ஒன்றும் செய்ய முடியாது. ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலப் பதிவாக) எடுத்தால் வெண்சமநிலையையும் (படத்தின் நிறச் சாயலையும்) வீட்டில் நிதானமாகச் சரிசெய்யலாம். அப்போது பச்சை நிறத்தை மேலும் கூட்டாதீர்கள், நம் காட்டின் பச்சை இயல்பிலேயே மஞ்சள் கலந்தது.

நான் நல்லதென்று சொன்ன விடியற்காலை வெளிச்சம், யானைகள் சாலையைக் கடக்கும் நேரமும்கூட என்பதை மறக்க வேண்டாம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையிலும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையிலும் வண்டியை நிறுத்தி இறங்கி நடப்பது ஆபத்து. மழைக்காலம் முடியும் தறுவாயில், கேழ்வரகு அறுவடையை ஒட்டி, கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குள்ளும் பிற காப்புக்காடுகளுக்குள்ளும் அனுமதியின்றி நுழைவது குற்றம். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் பாதையில், வனப் பணியாளர் ஒருவருடன் செல்லுங்கள். அந்தப் பாதையில் எந்தத் திருப்பத்தில் நல்ல மரம் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கோடையில் தீ அபாயத்தால் பாதைகளை மூடுவது வழக்கம் என்பதால், புரசு பூக்கும் காலத்தில் சாலையோர மரங்களையே நம்பிச் செல்வது நல்லது.

படங்களை வெளியிடும்போது செல்பேசி தானாகச் சேர்த்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். இந்தக் காடுகளில் இன்னும் சந்தன மரங்கள் இருக்கின்றன. உங்கள் படத்தின் பின்னணியில் நிற்கும் மரம் எதுவென்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும், வெட்டிக் கடத்துகிறவர்களுக்குத் தெரியும்.