லேத் டூல்: எதை வாங்குவது, எப்படிச் சாணை பிடிப்பது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றில் பழகத் தொடங்கியிருக்கிறேன். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட் வாங்குவதா, கார்பைடு டூல் வாங்குவதா?

பதில்: எச்.எஸ்.எஸ். வாங்குங்கள். கார்பைடு அதைவிடக் கடினமானதுதான், ஆனால் அதற்கேற்ற வேகமும் அதிராத மெஷினும் வேண்டும். வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு மீட்டர்) 320ஆல் பெருக்கி, ராடின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கிடைக்கும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடுக்கு எச்.எஸ்.எஸ். டூலின் வெட்டு வேகம் 25 முதல் 30 மீட்டர். 25 மி.மீ. ராடு என்றால் சுமார் 320 ஆர்.பி.எம். போதும். அதே ராடைக் கார்பைடில் 100 மீட்டர் வேகத்தில் கடைய 1280 ஆர்.பி.எம். வேண்டும். அந்த வேகத்தில் போதுமான ஆழம் எடுக்கச் சிறிய மோட்டார் திணறும். வெட்டின் நடுவே ராடு நின்றுவிட்டால் கார்பைடு முனை உடைந்துவிடும்.

8 மி.மீ. சதுர பிட் நல்ல தொடக்கம். டூல் போஸ்ட் (டூலைப் பிடிக்கும் பகுதி) பெரிதாக இருக்கிறதே என்று 12 மி.மீ. பிட் வாங்கினால், கழிக்க வேண்டிய உலோகம் அதிகம், சாணையிலேயே பொழுது போய்விடும். எம்2 வகை எச்.எஸ்.எஸ். போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடிக்கடி கடைபவர்கள் 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 வாங்கலாம். வார்ப்பிரும்பின் கரடான மேல்தோல், கடினப்படுத்திய ஸ்டீல் போன்றவற்றுக்குக் கார்பைடுதான் சரி.

கேள்வி: புது பிட்டை எந்த வரிசையில் சாணை பிடிக்க வேண்டும்? கோணங்களை அளக்கக் கருவி எதுவும் இல்லை.

பதில்: வலது கை டர்னிங் டூலை, அதாவது டெயில்ஸ்டாக் (ராடின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கமிருந்து சக் (ராடைப் பிடிக்கும் கவ்வி) நோக்கி வெட்டுவதை, முதலில் செய்யுங்கள். பெரும்பாலான வேலை இதிலேயே முடியும்.

முதலில் சாணை வீல். எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அலுமினியம் ஆக்சைடு வீல், முரட்டு வேலைக்கு 46 அல்லது 60 கிரிட் (துகள் அளவு), முடிப்புக்கு 100 அல்லது 120. வீலின் முகம் மினுமினுத்தால் அது மழுங்கிவிட்டது. டிரெஸ்ஸர் (வீலின் முகத்தைச் சீவும் கருவி) போட்டுப் புதுமுகம் எடுங்கள், இல்லையென்றால் டூல் சூடாகும், உலோகம் கழியாது. டூலைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, பிட் அதில் சிக்கினால் வீல் உடையும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறையும் துணியும் வேண்டவே வேண்டாம், அவை சிக்கினால் விரலும் கூடவே போகும். சாதாரண வீலின் பக்கவாட்டில் அழுத்திச் சாணை பிடிக்காதீர்கள், அந்த விசையைத் தாங்க அது செய்யப்படவில்லை. அலுமினியம், பித்தளை எதையும் அதில் தேய்க்காதீர்கள், வீல் அடைத்துக்கொள்ளும்.

இனி டூல். முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கப் பிட்டைப் பிடித்தால், இடது பக்கம்தான் வெட்டும் விளிம்பு வரும் இடம். முனையிலிருந்து 10 மி.மீ. நீளத்துக்கு அந்தப் பக்கத்தைச் சாய்த்துக் கழியுங்கள். மேல் விளிம்பைவிட அடி விளிம்பு உள்ளே போயிருக்க வேண்டும். எவ்வளவு? 8 மி.மீ. உயர பிட்டில் அடி 1.4 மி.மீ. உள்ளே போயிருந்தால் 10 டிகிரி கிளியரன்ஸ் (டூல் உரசாமலிருக்க விடும் சாய்வு). ஸ்டீல் ஸ்கேலே போதும், கோணமானி தேவையில்லை.

அடுத்தது முன்முகம். வெட்டு விளிம்பு இருக்கும் மூலை மட்டும் முன்னே நிற்க, மறு மூலை 10 முதல் 15 டிகிரி பின்வாங்க வேண்டும். இங்கும் அடி உள்ளே போக வேண்டும். கடைசியாக மேல்முகம்: வெட்டு விளிம்பிலிருந்து வலப்பக்கம் சரியும்படி ரேக் கொடுங்கள். எம்.எஸ்.ஸுக்குச் சுமார் 14 டிகிரி, அதாவது 8 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. சரிவு. மேல்முகத்தைக் கழிக்கும்போது தீப்பொறி வெட்டு விளிம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் விளிம்பே தாழ்ந்துபோகும், பிறகு அடியில் தகடு வைத்து ஏற்ற வேண்டியதுதான்.

முனையை அப்படியே ஊசியாக விடாதீர்கள். எண்ணெய்க்கல்லில் லேசாக உருட்டி 0.5 மி.மீ. ஆரம் கொடுங்கள். பிறகு இரு பக்கங்களையும் மேல்முகத்தையும் அதே கல்லில் தட்டையாகத் தேய்த்துப் பிசிரை எடுங்கள். வட்ட வீல் டூலில் லேசான குழிவை விடும், அது குறையல்ல. கல் மேலும் கீழும் மட்டும் பட்டு விளிம்பைச் சீராக்க அது உதவும். கடைந்த பரப்பின் முடிப்பு பளிச்சென்று வருவதும் இந்தக் கல் வேலையில்தான், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எச்.எஸ்.எஸ். 600 டிகிரி செல்சியஸ் அளவுவரை கடினத்தை இழக்காது, லேசாக நிறம் மாறியதற்காகப் பயப்பட வேண்டாம். கையில் சூடு தெரியத் தொடங்கும்போதே தண்ணீரில் முக்குங்கள். நன்றாகச் சூடேறிவிட்டால் காற்றில் ஆறவிடுங்கள், அப்போது தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். பிரேஸ் செய்த கார்பைடு டூலைச் சூட்டோடு ஒருபோதும் முக்காதீர்கள். அதற்கு வீலும் வேறு, பச்சை நிற சிலிக்கான் கார்பைடு வீல் வேண்டும்.

கேள்வி: கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டூல் வெட்டாமல் தேய்க்கிறது. ஏன்?

பதில்: கூர்மை மட்டும் போதாது. விளிம்புக்குக் கீழே ஏதாவது ஓரிடம் வேலைத்துண்டில் பட்டால் எந்த டூலும் வெட்டாது. பக்கமுகத்திலும் முன்முகத்திலும் மார்க்கர் மையைப் பூசி, ஒருமுறை வெட்டிவிட்டுப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மயிரிழை அளவு மட்டும் மை அழிந்திருந்தால் சரி. கீழே பட்டையாக அழிந்திருந்தால் அங்கே கிளியரன்ஸ் இல்லை.

மை சரியாக இருந்தால் உயரத்தைப் பாருங்கள். ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை லேசாக நெருக்குங்கள், மெஷின் நின்றிருக்கட்டும். ஸ்கேல் நேராக நின்றால் டூல் சென்டரில் (ராடின் மைய உயரத்தில்) இருக்கிறது. மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்வு. உயரமாக இருந்தால் முன்முகம் ராடில் உரசும். ஃபேசிங் (ராடின் முனை முகத்தைச் சமமாகக் கடைவது) செய்து நடுவில் சின்னக் குமிழ் மிஞ்சினாலும் இதே சோதனைதான். தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள்.

கேள்வி: இதே டூலில் பித்தளை கடைந்தால் டூல் தானாக உள்ளே இழுக்கிறது.

பதில்: ரேக்தான் காரணம். பித்தளைக்கு மேல்முகம் தட்டையாக, 0 டிகிரியாக இருக்க வேண்டும். இதற்கென்று தனி பிட் வைத்துக்கொள்ளுங்கள், மேல்முகத்தைத் தொடாமல் பக்கமும் முன்னும் மட்டும் சாணை பிடித்தால் போதும். அலுமினியத்துக்கு இதற்கு நேரெதிராக ரேக்கைக் கூட்டுங்கள். அது முனையில் ஒட்டாமலிருக்க மண்ணெண்ணெய் தொட்டுக் கடையலாம், தீப்பொறி வரும் வேலை பக்கத்தில் நடக்கக்கூடாது.

கேள்வி: பார்ட்டிங் (ராடை அறுத்துத் துண்டாக்குவது) செய்யும்போது மெஷினே அதிர்கிறது.

பதில்: பிளேடின் இரு பக்கமும் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் 1 முதல் 2 டிகிரி ஒடுங்க வேண்டும். அதன் முனைதான் அகலமான இடமாக இருக்க வேண்டும். சிறிய லேத்துக்கு 2 மி.மீ. அகலம் போதும். பிளேடு ராடின் ஆரத்தைவிடச் சற்றே அதிகம் நீட்டினால் போதும். சக்குக்கு ஒட்டி வெட்டுங்கள், கேரியேஜை (டூல் போஸ்டைத் தாங்கி நகரும் பகுதி) பூட்டுங்கள், டர்னிங் வேகத்தில் பாதி வையுங்கள், கட்டிங் ஆயில் தாராளமாக விடுங்கள்.

அதிர்ந்ததும் பயந்து கையை மெதுவாக்குவது இயல்பு. ஆனால் ஃபீட் (டூலை உள்ளே செலுத்துவது) குறைந்தால் டூல் வெட்டாமல் உரசி அதிர்வைக் கூட்டும். சுழலும் வேகத்தைக் குறைத்து, ஃபீடைச் சீராக அழுத்துங்கள். சுருள் இடைவிடாமல் வரவேண்டும். டெயில்ஸ்டாக் சென்டர் தாங்கியிருக்கும்போது முழுவதும் அறுத்துவிடாதீர்கள். துண்டு விடுபடும் தருணத்தில் இரு பாதிகளும் மடங்கிப் பிளேடைக் கவ்வி உடைக்கும்.