பெயர் வெளியிட வேண்டாம்

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியப் பொருளாளர், அசனத்துக்காக (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) பிரித்த பணத்தில் 18,000 ரூபாயைச் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டார். பாஸ்புக்கைப் பார்த்துக் கண்டுபிடித்தது நான்தான். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து சபை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அவர் கோயிலுக்கே வருவதில்லை. சேகரத்து ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அவரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, “மன்னிக்கத் தெரியாதா உனக்கு?” என்று கண்டிக்கிறார். மத்தேயு 18இல் “சபைக்குத் தெரியப்படுத்து” என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே! நான் செய்தது எப்படித் தப்பாகும்?

– பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரியில் இருந்து தொடங்குகிறேன். “என் பெயரைப் போட வேண்டாம், வீண் பேச்சு வரும்” என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, போடவில்லை. அந்தத் தம்பிக்கு இந்த வசதி கிடைக்கவில்லையே! குழுவில் போட்ட படத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறீர்கள். பாஸ்புக் பக்கத்தில் சிவப்பு வட்டம், கீழே கொட்டை எழுத்தில் அவர் பெயர், அதற்கும் கீழே அவர் முகம். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலிருக்கிறது. அவர் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தையின் பாதி முகமும் கூடவே வந்திருக்கிறது. அந்தக் குழந்தை எந்தக் கணக்கில் கை வைத்தது?

இப்போது மத்தேயு 18. நீங்கள் காட்டுவது 17ஆம் வசனம். அதற்கு முன்னால் 15, 16 என்று இரண்டு இருக்கின்றன. “நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து” என்பது 15. கேட்கவில்லையா, இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ என்பது 16. அவர்களுக்கும் செவிகொடாமற்போனால்தான் சபை. உங்கள் மூன்று பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். “அவரிடம் கேட்டேன், இப்படிச் சொன்னார்” என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஏன் எடுத்தார், திருப்பி வைக்கிற எண்ணம் இருந்ததா, ஆஸ்பத்திரிச் செலவா, சீட்டாட்டமா, உங்களுக்கும் தெரியாது, அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை போட்ட நாற்பது பேருக்கும் தெரியாது.

குழுவைச் சபை என்று நீங்கள் நினைத்துக்கொண்டதும் எனக்கு இடிக்கிறது. சபை என்றால் எல்லாரும் வந்து உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரையும் பேசவிட்டு, முகத்தைப் பார்த்து முடிவு சொல்லும். உங்கள் குழுவில் துபாயில் இருப்பவர், வேறு சபைக்குப் போய்விட்டவர், யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத எண்கள் எல்லாம் இருக்கும். அங்கிருந்து அது கபடி கிளப் குழுவுக்கும், அங்கிருந்து அவர் மனைவி வேலை பார்க்கும் இடத்துக்கும் போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மத்தேயு எழுதிய சபை இப்படிப் பார்வர்டு ஆகாது.

“தனியாகப் போய்ச் சொல்வதெல்லாம் சின்னத் தப்புக்குத்தான்” என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு பெரிய தப்பைச் சொல்கிறேன். கி.பி. 390. பவுல் கடிதம் எழுதினாரே, அதே தெசலோனிக்கே நகரம். மக்களின் செல்லப்பிள்ளையான தேரோட்டி ஒருவனைச் சிறையில் போட்டதற்காக ஜனங்கள் கலவரம் செய்து படைத்தலைவரைக் கொன்றுவிட்டார்கள். கோபத்தில் ரோமப் பேரரசர் தெயோதோசியு படையை ஏவிவிட்டார். பந்தயத் திடலில் கூடியிருந்த ஜனத்தைச் சிப்பாய்கள் வெட்டிச் சாய்த்தார்கள். 7,000 பேர் என்று எழுதுகிறார் சபை வரலாற்றாசிரியர் தெயோதரேத்து.

மிலான் நகர ஆயர் அம்புரோஸ் என்ன செய்தார்? பிரசங்க மேடையில் ஏறி ராஜாவின் பெயரைச் சொல்லிக் கிழிக்கவில்லை. கடிதம் எழுதினார். எழுத்தர்களிடம் சொல்லி எழுத வைப்பது அக்காலத்து வழக்கம். இவரோ, நீங்கள் ஒருவர் மட்டும் வாசிப்பதற்காக என் கையாலேயே எழுதுகிறேன் என்று குறிப்பிட்டு எழுதினார். ஆனால் அந்தக் கடிதத்தில் குழைவு இல்லை: மனந்திரும்பும்வரை, நீங்கள் வந்து நிற்கிற இடத்தில் என்னால் திருவிருந்து ஆராதனை நடத்த முடியாது என்று ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. ராஜா இறங்கிவந்தார். அரச உடைகளைக் கழற்றிவைத்துவிட்டு எல்லார் முன்னாலும் கோயிலில் அழுதார். அந்த வருடக் கிறிஸ்மஸில் அவரைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் பகிரங்க வெட்கம் இல்லாமல் இல்லை. நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது தனிக் கடிதத்துக்கு அப்புறம் வந்தது, குற்றவாளி தானாகக் கழற்றிவைத்த கிரீடத்தோடு வந்தது, அதற்கு முடிவு என்று ஒரு நாளும் இருந்தது. மரண தண்டனை விதித்தால் நிறைவேற்ற 30 நாள் பொறுக்க வேண்டும் என்ற சட்டமும் இதையொட்டித்தான் வந்தது என்கிறார் தெயோதரேத்து. நீங்கள் பாஸ்புக்கைப் பார்த்ததற்கும் படத்தைப் போட்டதற்கும் நடுவே எத்தனை நேரம்? “அன்று சாயங்காலமே” என்று எழுதியிருக்கிறீர்கள்.

யோவான் 8ஐ நான் இழுக்கப்போவதில்லை. முதல் கல் கதை உங்களுக்கும் மனப்பாடம், கல்லெறிகிற எல்லாருக்கும் மனப்பாடம். அதைவிட எனக்கு உறைப்பது கொரிந்து சபையின் கதை. தகப்பன் மனைவியோடு வாழ்ந்த ஒருவனைச் சபையைவிட்டுத் தள்ளுங்கள் என்று முதல் கடிதத்தில் பவுல் கறாராக எழுதுகிறார். இரண்டாம் கடிதத்தில், தண்டனை பெற்ற ஒருவனைப் பற்றி (பழைய உரைகாரர்கள் பலரும் அதே ஆள்தான் என்கிறார்கள்) “அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்” என்கிறார். அவன் “அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு” மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். ‘போதும்’ என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தார். உங்கள் குழுவில் அதைச் சொல்கிற அதிகாரம் யாருக்கு? அட்மினுக்கா? இன்னொன்று கவனித்தீர்களா? இரண்டு கடிதத்திலும் அந்த ஆளின் பெயர் இல்லை. இரண்டாயிரம் வருடமாக உலகம் முழுக்க வாசிக்கிறோம், அவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஐயருக்கும் ஒரு வார்த்தை, அவரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்தான் என்பதால். “மன்னிக்கத் தெரியாதா?” என்று கேட்டீர்களே, எதை மன்னிக்க? அந்த 18,000 இவருடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. பிடியரிசி எடுத்துவைத்த கிழவிகளின் காசு அதில் இருக்கும். அவர்களைக் கேட்காமல் அவர்கள் சார்பில் நீங்கள் எப்படி மன்னித்துவிட முடியும்? வரி வசூலிக்கிற சகேயு வீட்டில் இயேசு சாப்பிடப் போனார், சரி. ஆனால் அந்த ஆள் எழுந்து நின்று, “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்றாரே, அதற்கு அப்புறம்தானே “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்ற வார்த்தை வருகிறது? கணக்கை மூடிவைப்பதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். இந்த மாதிரி மூடிவைப்பதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் ஜனங்கள் போனைத் தூக்குகிறார்கள்.

மன்னிப்பும் விசாரணையும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய பிள்ளைகள் பிலிப், திமோத்தி இருவரையும் உயிரோடு கொளுத்தினார்கள். பெரியவனுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6. மன்னித்துவிட்டேன் என்றார் அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடாமல், பாரிபதாவில் கணவர் நடத்திய தொழுநோயாளர் இல்லத்தைப் பல வருடம் கவனித்துக்கொண்டார். வழக்கு அது பாட்டுக்கு நடந்தது. 2003இல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னித்தவர் கிளாடிஸ், தண்டித்தது நீதிமன்றம். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள்.

ஒரு விலக்கு, இதையும் எழுதிவிடுகிறேன். குழந்தையிடம் தவறாக நடந்தவர் விஷயத்தில் யாராவது 15ஆம் வசனத்தைக் காட்டி, தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றால் நம்பாதீர்கள். 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். அது போலீசுக்குப் போக வேண்டிய விஷயம். அப்போதும் வாட்ஸ்ஆப் குழுவுக்கு இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கண்டுபிடித்தது தப்பில்லை. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்கிற ஆள் எல்லாச் சபைக்கும் வேண்டும். சேகரக் கமிட்டி கூடட்டும், அவரையும் உட்காரவைத்துக் கணக்குக் கேட்கட்டும், பணம் தவணையிலாவது திரும்பி வரட்டும். பொருளாளர் பொறுப்பு வேறு கைக்குப் போகட்டும். இதெல்லாம் அவர்கள் வேலை.

உங்கள் வேலை முதலில் அவர் வீட்டுக்குப் போவது, தனியாக. ஐந்து வாரம் பிந்திவிட்டது, கதவு திறக்காமலும் போகலாம். இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். அப்புறம் அந்தக் குழு. படத்தை எல்லாருக்குமாக அழிக்கிற கெடு எப்போதோ முடிந்திருக்கும், அழித்தாலும் கபடி கிளப்பில் இருக்கும். ஆனால் அதே குழுவில், “அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டேன். அப்படிப் போட்டிருக்கக் கூடாது” என்று இரண்டு வரி எழுதலாம். உங்கள் பெயரைப் போட்டு.