ஸ்டீம் போட்டுக்குள்ள ரிசீவர எங்க வைக்கிறது?

கேள்வி: ரெண்டு சிலிண்டர் ஆசிலேட்டிங் இன்ஜின் ஒண்ணு நானே லேத்துல கடைஞ்சு செஞ்சிருக்கேன் சார், பியூட்டேன் கேஸ்ல எரியுற சின்ன செம்பு பாய்லர், 90 செ.மீ. ஃபைபர் போட். இதுவரை எலக்ட்ரிக் போட்தான் ஓட்டிருக்கேன். அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கன்ட்ரோல் செட்டையே இதுல மாட்டலாமா? எதெத எங்க வைக்கணும்?
— எஸ்.ஆர்., கோயம்புத்தூர்

பதில்: தாராளமா மாட்டலாம். ரெண்டு சேனல் போதும், ஒண்ணு சுக்கானுக்கு, இன்னொண்ணு முன்ன பின்ன போற வால்வுக்கு. ஆனா எலக்ட்ரிக்ல இருந்து வர்றவங்க பவர மறந்துடுவாங்க. அங்க ரிசீவருக்கு (டிரான்ஸ்மிட்டர் சிக்னல போட்ல வாங்குற பெட்டி) கரண்ட் குடுத்தது ஸ்பீட் கன்ட்ரோலர், இங்க மோட்டாரே இல்லையே, அதனால ரிசீவருக்குன்னு தனி பேட்டரி வேணும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு சேர்த்தா 4.8 வோல்ட், அஞ்சுன்னா 6 வோல்ட், சாதாரண சர்வோவுக்கு (சுக்கானையும் வால்வையும் திருப்புற குட்டிக் கருவி) இதுவே சரி. வீட்ல கிடக்குதேன்னு லிப்போவ (லித்தியம் பாலிமர் பேட்டரி) எடுத்து வைக்காதீங்க, ரெண்டு செல் லிப்போன்னா 7.4 வோல்ட், அது சாதாரண சர்வோவுக்கு ஜாஸ்தி, போதாததுக்கு லிப்போவுக்கு சூடே ஆகாது.

சூடுன்னா எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, கேஜ்ல 3 பார் காட்டும்போது உள்ள ஆவி சுமார் 143 டிகிரி. ரிசீவர பாய்லர் பக்கத்துல வைக்கிறது இட்லிப் பானைக்குள்ள வைக்கிற மாதிரிதான். இப்போ எல்லாரும் சர்வோ பிராக்கெட்ட 3டி பிரின்டர்ல அடிச்சிடுறாங்க, பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், இன்ஜின் பக்கம் வர்ற பிராக்கெட்ட அலுமினியத்துல வளைச்சுக்குங்க, லேத் வச்சிருக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

சூட்ட விட மோசம் ஈரமும் எண்ணெயும். இன்ஜினுக்குப் போற ஆவியோட ஸ்டீம் ஆயில் கலந்துதான் போகுது, எக்ஸாஸ்ட்ல செப்பரேட்டர் டேங்க் வச்சிருந்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், டெக்குக்கு அடியில தண்ணியா கோத்து நின்னு பால் கலர்ல பிசுபிசுன்னு சொட்டும். அதனால ரிசீவர் முன்மூக்குப் பக்கம், பாய்லருக்கு எட்டத்துல, ரப்பர் மூடி போட்ட டிபன் பாக்ஸ்ல. வயருக்கான ஓட்டைய மூடியில போடாதீங்க, பக்கவாட்டுல போடுங்க, வயர் உள்ள நுழையுறதுக்கு முன்னாடி கீழ ஒரு தொங்கல் விட்டா சொட்டு அங்கேயே விழுந்துடும். பேட்டரிய அடியில வச்சு நகத்துற மாதிரி விடுங்க, பாய்லர் மேல கனமா இருக்கும், போட் ஒரு பக்கம் சாஞ்சா இதை வச்சு சரி பண்ணிக்கலாம்.

ரிசீவரோட ஆண்டெனா நுனியில 31 மி.மீ. தோல் உரிச்ச மாதிரி இருக்கும் பாருங்க, உண்மையான ஆண்டெனா அதுதான், அது தண்ணி மட்டத்துக்கு மேல நேரா நிக்கணும், பாய்லர், புகைக்குழாய் மறைவுல கிடக்கக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணிக்குள்ள போகாது, மாடல் சப்மரீன் ஓட்டுறவங்க இன்னும் பழைய 40, 75 மெகாஹெர்ட்ஸ் செட்ட விடாம வச்சிருக்கிறது அதனாலதான்.

வால்வு லிங்கேஜ முதல்ல கம்ப்ரசர் காத்துல இன்ஜின ஓடவிட்டு செட் பண்ணுங்க. வால்வு முட்டி நின்னதுக்கு அப்புறமும் சர்வோ தள்ளிக்கிட்டே இருந்தா ‘ஙீ’ன்னு முனகும், பேட்டரிய குடிச்சிடும், டிரான்ஸ்மிட்டர்ல எண்ட் பாயிண்ட்ட, அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பணும்ங்கிற எல்லைய, குறைச்சு முனகல் நிக்கிற இடத்துல விடுங்க. ஆவி ஏறி சூடானதும் திரும்ப ஒரு தடவ பாக்கணும், குளிர்ல லேசா திரும்பின வால்வு சூட்டுல இறுகலாம்.

கேள்வி: நடு ஏரியில சிக்னல் போயிட்டா பாய்லர் வெடிச்சிடுமா?
— வாசகி, மதுரை

பதில்: சிக்னல் போனதுக்காக வெடிக்காதுங்க. ஆனா சில ரிசீவர் கடைசியா குடுத்த கட்டளையையே பிடிச்சுக்கும், ஃபுல் ஸ்பீடுல இருந்தா கேஸ் தீர்ற வரைக்கும் போட் போய்க்கிட்டே இருக்கும், எதிர்ல வாத்து வந்தாலும் சரி, நீச்சல் அடிக்கிற ஆள் வந்தாலும் சரி. ரிசீவர டிரான்ஸ்மிட்டரோட பைண்ட் பண்ணி ஜோடி சேர்க்கும்போதே, சிக்னல் போனா என்ன செய்யணும்ங்கிற ஃபெயில்சேஃப்ல வால்வ ஸ்டாப்புக்கு வச்சுடுங்க, கரையிலேயே டிரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணி நிக்குதான்னு பாத்துடுங்க. வால்வு மூடினா பிரஷர் ஏறும், சேஃப்டி வால்வு சீறும், சீறட்டும், அதுக்குத்தான அது இருக்கு. பாய்லர் பாதுகாப்ப மட்டும் ரேடியோ கையில குடுக்காதீங்க. கேஸ் டேங்க்ல எப்பவுமே தண்ணிக்கு முன்னாடி கேஸ் தீர்ற அளவுதான் ரொப்பணும்.

கேள்வி: ரிசீவர் சுவிட்ச டெக்குக்கு அடியில மறைச்சு வைக்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: அழகுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா வேண்டாம். பியூட்டேன் காத்த விட ரெண்டு மடங்கு கனம், கசிஞ்சா வெளிய பறக்காது, போட் அடியில குளமா தேங்கும், சுவிட்ச்ல வர்ற பொறி ஒண்ணு போதும். சுவிட்ச டெக்குக்கு மேல வச்சிடுங்க. கேஸ் ரொப்பினதும் ஹல்லுக்குள்ள (போட் உடம்புக்குள்ள) நல்லா காத்தாட விடுங்க, அப்புறம் டிரான்ஸ்மிட்டர் ஆன், ரிசீவர் ஆன், சர்வோ ரெண்டும் அசையுதான்னு பாத்துட்டு கடைசியாத்தான் பர்னர பத்த வைக்கணும். நிறுத்தும்போது முதல்ல பர்னர், அப்புறம் ரிசீவர், கடைசியில டிரான்ஸ்மிட்டர்.