வாசகர் கேள்வி - பதில்: ஓ.ஆர்.எஸ். தந்த மருத்துவர் திலீப் மகாலனாபிஸ்

காலரா முகாமில் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய மருத்துவர் திலீப் மகாலனாபிஸ், 2022 அக்டோபர் 16 அன்று கொல்கத்தாவில் 87 வயதில் காலமானார். அவரைப் பற்றியும், ஓ.ஆர்.எஸ். எனப்படும் அந்த வாய்வழிக் கரைசல் பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ்.ஸைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

அவர் ஒருவர் மட்டும் இல்லை. கொல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953லேயே காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்த விவரத்தை எழுதியிருக்கிறார். சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன என்பதை ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் 1968இல் காலரா நோயாளிகளிடம் அதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் அதெல்லாம் வெளியேறும் நீரை அளந்து, அதற்கு ஏற்ப உள்ளே கொடுக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது. கண்காணிக்க ஆளே இல்லாத இடத்திலும் இது பலிக்கும் என்று காட்டியவர் மகாலனாபிஸ். நம்மைப் பொறுத்தவரை அதுதான் பெரிய திருப்பம்.

கேள்வி: 1971இல் அவர் அப்படி என்னதான் செய்தார்?

வங்கதேச விடுதலைப் போரில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்க எல்லை ஊரான பங்கானின் மருத்துவமனையில் இரண்டு அறைகள், கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் சலைன் ஏற்றக் கழிவின் நடுவே மண்டியிட வேண்டிய நிலை. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. நரம்பில் சலைன் ஏற்றத் தெரிந்தவர்களோ அவர் குழுவில் இரண்டே பேர்.

அப்போது அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இவ்வளவுதான் கலவை. பொட்டாசியம் சேர்க்கவில்லை; பொருள்கள் குறைந்தால்தான் வாங்குவதும் கலப்பதும் எளிது. கொல்கத்தாவில் பொடியாகப் பொட்டலம் கட்டி, முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்துக் கொண்டுபோய் ஊட்டினார்கள். நீரிழப்பு முற்றி, இரத்த ஓட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் வந்தவர்களுக்கு மட்டும் முதலில் சலைன். இறப்பு சுமார் 30 சதவீதமாக இருந்த இடத்தில், இவரது பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

மருத்துவ உலகம் உடனே நம்பவில்லை. ஆய்வுக் கட்டுரை 1973இல்தான் வெளிவந்தது. முகாமை நேரில் பார்த்த உலக சுகாதார நிறுவன அதிகாரி திமன் பருவா, இந்த முறையைத் தம் நிறுவனத்தில் விடாமல் எடுத்துச் சொன்னார். பின்னாளில் மகாலனாபிஸும் அதே நிறுவனத்தின் வயிற்றுப்போக்கு நோய்த் தடுப்புத் திட்டத்தில் பணியாற்றினார்.

கேள்வி: இப்போது கடையில் கிடைக்கும் பாக்கெட்டும் அதே கலவையா?

இல்லை. சோடா கலந்த பொடி சீக்கிரம் கெட்டதால் அதற்குப் பதில் சிட்ரேட் வந்தது. 2002இல் உப்பும் குளுக்கோஸும் குறைக்கப்பட்டன. அதனால் வாந்தியும் போக்கின் அளவும் குறைகின்றன. இன்றைய கணக்கு லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. மொத்தம் 20.5 கிராம்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் குழந்தைக்குப் போக்கு நிற்கவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் தவறே இல்லை. ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தும் மருந்தல்ல. இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. இது தெரியாமல், “கேட்கவில்லை” என்று பாதியில் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

அடுத்த சிக்கல் கலப்பதில். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து, பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவார்கள். பொடிக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்காது. பாதிப் பாக்கெட்டில் எது எவ்வளவு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி, சிறு குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். சுவைக்காகச் சர்க்கரை சேர்த்தால், அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஆகவே பாக்கெட்டில் 200 மில்லியா, ஒரு லிட்டரா என்று படியுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அளந்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டுங்கள். கலந்த பிறகு சூடாக்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. கைக்குழந்தைக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும், அவர் சொன்ன 10 முதல் 14 நாட்களும் கொடுத்து முடியுங்கள்.

கேள்வி: பாக்கெட் கிடைக்காவிட்டால்?

ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. அரைக்கு மேல் உப்பு போகவே கூடாது. இது அவசரத்துக்குத்தான். இளநீரில் பொட்டாசியம் இருந்தாலும் சோடியம் குறைவு. பழச்சாற்றிலும் குளிர்பானத்திலும் சர்க்கரை மிக அதிகம். இனிப்புப் பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லைப் போட 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. நியாயமான உத்தரவு.

கேள்வி: அவர் நினைவாக எங்கள் மன்றத்தில் ஏதாவது செய்ய விரும்புகிறோம். எது பொருத்தம்?

அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது 2023இல், இறந்த பிறகு. உயிரோடு இருந்தபோது அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எனவே படம் வைத்து மாலை போடுங்கள். அவர் செய்ததைச் சொல்லுங்கள். அதே கூட்டத்தில் கலந்து பழகவும் வழிசெய்யுங்கள்.

ஒரு லிட்டர் அளவு தெரியும் பாட்டில்கள், இரு அளவுப் பாக்கெட்டுகள், தேக்கரண்டிகள் வாங்கி வையுங்கள். நீங்கள் கலந்து காட்டினால் போதாது. வந்தவர்கள் தாங்களே கலக்க வேண்டும். கலந்ததைச் சுவைக்கச் சொல்லுங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அளவு தப்பிவிட்டது. இலவசமாகத் தரும் பாக்கெட்டுகளில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பொடி கட்டியாகி நிறம் மாறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கூடவே ஒரு தாளில், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்: குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், துவண்டு கிடப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது. போகும் வழியிலும், குழந்தை விழித்திருந்து குடிக்க முடிந்தால், கரைசலை வாய்வாயாகக் கொடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.