பிரஸ்பிட்டேரியன் சபையில் ஆயர் (பிஷப்) இல்லையென்றால் நிர்வாகம் யார் கையில்?

கண்டியிலுள்ள ஸ்காட்ஸ் கேர்க் என்ற பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விதான். கத்தோலிக்கருக்குக் கண்டியிலும் அங்கிலிக்கருக்குக் குருநாகலிலும் ஆயர் உண்டு, இவர்களுக்கு யார்? தனியாள் யாருமில்லை. ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகர்களும், சபையார் தெரிந்தெடுத்த மூப்பர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டம்தான் பிரஸ்பிட்டரி. ஆயரின் வேலையை அந்தக் கூட்டமே பார்க்கும், அங்கே போதகருக்கும் ஒரு வாக்கு, மூப்பருக்கும் ஒரு வாக்கு.

காரணம் பழசு. 1560இல் ஸ்காட்லாந்து ரோமைவிட்டுப் பிரிந்த பிறகு, அதிகாரம் ஒரே கையில் குவியக்கூடாது என்று அங்கே வளர்ந்த முறை இது, தோட்டம் போட வந்த ஸ்காட்லாந்துத் துரைமாரோடு இலங்கை மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது.

நம்ம தொழிற்சங்கத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கமிட்டி, அதிலிருந்து தலைவர்மார் போய் உட்காரும் மாவட்டக் கூட்டம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

புதுச் சபையும் இப்படித்தான் முளைக்கும்: ஒரு லயத்து வீட்டில் நாலு குடும்பம் பாய் விரித்து ஜெபிக்க ஆரம்பித்தால் பிரஸ்பிட்டரி ஓர் ஊழியரை அனுப்பிப் பார்த்துக்கொள்ளும், அப்புறம் சொந்தமாக மூப்பர்களைத் தெரிந்தெடுக்கும் அளவுக்கு வளர்ந்ததும் முழுச் சபையாக ஏற்றுக் கூட்டத்தில் இடம் கொடுக்கும்.

இன்னொன்று, மூப்பர் என்றதும் நரைத்த தலையைத் தேடாதீர்கள், அது பொறுப்பின் பெயர், முப்பது வயதுக்காரரும் மூப்பராகலாம், பல சபைகளில் பெண்களும் இருக்கிறார்கள்.