தினமும் நாம செய்ற பழக்கங்கள்ல எது மூளையை அதிகமா பாதிக்குது?

இந்தக் கேள்விக்கு தூக்கம், சாப்பாடு, குறுக்கெழுத்துன்னு நிறைய பதில் வரும், எல்லாம் சரிதான், ஆனா நான் காதுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எங்க வீட்ல நடந்தது அதுதான்.

அப்பா டிவி சத்தத்தை கூட்டிக்கிட்டே போனாரு, நாங்க குறைங்கப்பான்னு சண்டை போட்டதோட சரி. அப்புறம்தான் கவனிச்சேன், நாலு பேர் சேர்ந்து பேசுனா அவரு பேசுறவங்க வாயையே பார்த்துட்டு இருப்பாரு, எல்லாரும் சிரிச்சு முடிக்கிற நேரத்துல அவரு சிரிக்க ஆரம்பிப்பாரு. போன் வந்தா அம்மாகிட்ட நீட்டிடுவாரு. சொன்னதையே திரும்ப கேக்குறாரு, காலைல பேசுனது சாயங்காலம் ஞாபகம் இல்ல, நாங்க மறதி நோய்தான்னு பயந்து கூட்டிட்டு போனோம். டாக்டரம்மா முதல்ல காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புனாங்க, பார்த்தா ரெண்டு காதுமே பாதிக்கு மேல போயிருக்கு. மெஷின் மாட்டி ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் அவரே போனை எடுத்து அத்தைகிட்ட அரைமணி நேரம் பேசுனாரு, அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்துட்டே நின்னாங்க.

வார்த்தை அரைகுறையா காதுல விழுந்தா, என்ன சொன்னாங்கன்னு ஊகிக்கவே மூளையோட உழைப்பு போயிடும், அதை ஞாபகத்துல வைக்க தெம்பு மிச்சம் இருக்காது. போகப்போக பேச்சு குறைஞ்சு ஆள் தனியாயிடுறாங்க, அந்தத் தனிமையும் மூளைக்கு கெடுதல். லான்செட்ங்கிற மருத்துவ இதழோட நிபுணர் குழு (லான்செட் கமிஷன்) 2024 அறிக்கையில மறதி நோய்க்கு நாம மாத்திக்கக்கூடிய 14 காரணங்கள் சொல்லியிருக்காங்க, அதையெல்லாம் சரி பண்ணா உலகத்துல சுமார் 45 சதவீத கேஸைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்காம். காது கேக்காம போறது அதுல பெரிய காரணங்கள்ல ஒண்ணு. நடுவயசுல ஏறுற பிபி, கெட்ட கொழுப்பு, சுகர், சிகரெட் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு.

இயர்போன் போடுற பிள்ளைங்களுக்கு இதை கண்டிப்பா சொல்லணும். சத்தம் 80 டெசிபல்னா (சத்தத்தை அளக்குற அலகு) வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 ஆனா வெறும் 4 மணி நேரம்தான், இது பெரியவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, சின்னப் பிள்ளைங்களுக்கு இதைவிட கம்மி. போன காது செல் திரும்ப முளைக்காதுங்க.

அடுத்தது தூக்கம். பிரிட்டன்ல ஏறக்குறைய 8000 பேரை 25 வருஷம் பின்தொடர்ந்து 2021ல வெளியிட்ட ஆய்வுல, 50, 60, 70 வயசுல தொடர்ந்து 6 மணி நேரம் இல்ல அதுக்கும் கம்மியா தூங்குனவங்களுக்கு மறதி நோய் 30 சதவீதம் அதிகமா வந்திருக்கு. தூக்கம் கம்மியானதாலதான் வந்துச்சுன்னு இதை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஆனாலும் நான் இதைப் படிச்ச அன்னைக்கே ராத்திரி போனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டு படுக்க ஆரம்பிச்சேன்.

நடைக்கும் ஆதாரம் இருக்கு, 2011ல வயசானவங்க 120 பேரை வெச்சு பண்ண ஆய்வுல, ஒரு வருஷம் வாரம் 3 நாள் நடந்தவங்களுக்கு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது, வெறும் ஸ்ட்ரெச்சிங் பண்ணவங்களுக்கு சுருங்கியிருந்தது.

ஏற்கனவே மறதி அன்றாட வேலையைக் கெடுக்குதுன்னா பழக்கத்தை மாத்திப் பார்ப்போம்னு காத்திருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க. வைட்டமின் பி12 குறைஞ்சாலும் தைராய்டு குறைஞ்சாலும் மறதி வரும், ரெண்டுக்கும் மருந்து இருக்கு. அப்பாவுக்கும் அன்னைக்கு காது டெஸ்டோட சேர்த்து இந்த ரெண்டு ரத்த டெஸ்டும் எடுத்தாங்க.