இடியும் இன்னிசையும்

கேள்வி: மெட்டல் எனும் கனத்த ராக் இசையில் மெட்டு இனிமையானால் கனம் குறைந்துவிடும் என்று எங்கள் குழுவில் வாதிடுகிறார்கள். உண்மைதானா?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கனம் என்பது வேகத்திலோ உரத்த சத்தத்திலோ மட்டும் இல்லை. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்காவினர் 1991இல் வெளியிட்ட தொகுப்பில் வேகத்தைக் குறைத்து, பாடல்களைச் சுருக்கி, சில பாடல்களுக்குக் கிட்டார்களின் சுருதியையும் தாழ்த்தினார்கள். கனமும் கூடியது, கேட்பவர்களும் பெருகினார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரக் குழுக்களோ 1990களில் பாடகரை உறும விட்டுவிட்டு, மெட்டை இரட்டைக் கிட்டார்களிடம் ஒப்படைத்தன. எனக்கு உகந்தது இந்த வழிதான். நம் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் மிருதங்கம் எவ்வளவு அதிர்ந்தாலும் முகவீணை என்ற சிறிய நாதஸ்வரம் போன்ற குழல் தனித்துக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் உச்சஸ்தாயியில் போட்டிக்கு வேறு வாத்தியம் இல்லை என்பதே காரணம். பல்லவிக்கு மட்டும் உறுமாத தெளிந்த குரலைச் செருகுவது தேய்ந்துபோன உத்தி. முதலில் உங்கள் கிட்டார்களில் ஒன்றை மேல் ஸ்தாயிக்கு மாற்றிப் பாருங்கள்.